வீட்டில் இழுக்கும் மருந்துக்குப் பணம் கொடுப்பது யார்?

இரைப்பு நோய்க்கு இரண்டு செலவு உண்டு. ஒன்று ஆஸ்பத்திரிச் செலவு. மற்றொன்று வீட்டுச் செலவு. முதல் செலவுக்கு அரசாங்கக் காப்பீடு இருக்கிறது. இரண்டாவது செலவு பல குடும்பங்களின் தலையில் விழுகிறது.

ஏன் இப்படி? பில்லில் அச்சாகும் சில எண்களைப் பார்த்தால் இது விளங்கும்.

தீவிலே ஓர் ஊர்

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே உள்ளது அக்காள்மடம். கடலை நம்பி வாழும் ஊர். அங்கே இரைப்பு நோயாளி உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம்.

நள்ளிரவில் மூச்சு முட்டினால் ராமேசுவரம் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால், பாலத்தைத் தாண்டி ராமநாதபுரம் போக வேண்டும். இதனால், நெபுலைசர் எந்திரத்தையும் மருந்தையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும்படி டாக்டர்கள் சிலருக்குச் சொல்கிறார்கள்.

இழுக்கும் மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. அதனால் கொஞ்சம் மருந்தே போதும். சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதாவது, மாத்திரையில் நாற்பதில் ஒரு பங்கு!

சால்பூட்டமால் அடைத்த மூச்சைத் திறக்கும். பியூடசோனைடு மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணித்து, இரைப்பு வராமல் காக்கும். இந்த இரண்டாவது மருந்தை, நோய் அடங்கிய நாட்களிலும் டாக்டர் சொன்னபடி இழுக்க வேண்டும். காசு இல்லையென்று நிறுத்தினால் இரைப்பு திரும்பி வரும்.

கடை பில்லில் உள்ள எண்

மருந்துக்கடை பில்லில் 3004 என்ற எண் இருக்கும். அது மருந்தைக் குறிக்கும். நெபுலைசர் எந்திரத்துக்கு உரிய எண் 9019. இவை வரிக்கான எண்கள். இரண்டுக்கும் 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆயிற்று. வரி சேராமல் 1,000 ரூபாய் விலையுள்ள மருந்துக்கு முன்பு வரி 120 ரூபாய். இப்போது 50 ரூபாய்.

ஆனால் விலை ஏறியதும் உண்டு. நெபுலைசரில் ஊற்றும் சால்பூட்டமால் கரைசலின் உச்ச விலையை மத்திய அரசு 2024 அக்டோபரில் 50 சதவீதம் உயர்த்தியது. பழைய விலையில் மருந்தைத் தயாரிப்பது கட்டுப்படியாகவில்லை என்பது அதற்குச் சொன்ன காரணம்.

காப்பீட்டு எண்

தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-ல் தொடங்கியது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது.

இதில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஓர் எண் உண்டு. ஒரு தொகையும் உண்டு. ஆஸ்பத்திரி அந்த எண்ணை எழுதிப் பணம் பெறுகிறது. ஆனால் அவை பெரும்பாலும் படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கான எண்கள். ஆயுஷ்மான் பாரத் விதிப்படி, சேருவதற்கு முந்திய 3 நாள் செலவும், வீடு திரும்பியபின் 15 நாள் மருந்துச் செலவும் அதில் அடங்கும்.

பதினாறாவது நாள்? மருந்து வேண்டும், எண் இல்லை!

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்காவில் முதியோருக்கான மெடிக்கேர் காப்பீடு, வீட்டு நெபுலைசர் மருந்துக்கும் பணம் தருகிறது. பொதுவாக, ஆண்டுதோறும் முதலில் ஒரு தொகையை நோயாளி கட்டிவிட வேண்டும். அதன்பின் செலவில் 80 சதவீதத்தைக் காப்பீடு ஏற்கும். மீதி நோயாளியுடையது.

அங்கே பியூடசோனைடுக்கு இரண்டு எண். தொழிற்சாலையில் தயாரித்து அரசு அனுமதி பெற்ற மருந்துக்கு ஜே 7626. மருந்துக்கடையிலேயே கலந்து தயாரித்ததற்கு ஜே 7627. கடையில் கலந்த மருந்துக்கு 2007 முதல் பணம் இல்லை. அனுமதி பெற்ற மருந்து இருக்கும்போது இது தேவையில்லை என்பது அவர்கள் வாதம். ஓர் எழுத்து, நான்கு இலக்கம். பணம் வருவதும் வராததும் அதில் நிற்கிறது.

வழி என்ன?

வீட்டுக்கு மருந்து தருவது அரசாங்கத்துக்குப் புதிது அல்ல. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுபோனது. வீட்டிலேயே டயாலிசிஸ் செய்வோருக்குத் திரவப் பைகளையும் தந்தது. சிறுநீரக நோயாளியின் பைக்கு இடம் கிடைத்ததுபோல, இரைப்பு நோயாளியின் மருந்துக்கும் இடம் கொடுக்கலாம்.

அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போதே, காப்பீட்டில் சேர்ந்த 15 நாள் மருந்தைக் கேட்டு வாங்க வேண்டும். அதன்பின் அரசு ஆஸ்பத்திரியில் இன்ஹேலர் இலவசமாகக் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். வெளியில் வாங்குவதானால், மக்கள் மருந்தகத்தில் விலையைக் கேட்டுப் பார்க்கலாம். மருந்தையும் உப்புநீரையும் எவ்வளவு கலப்பது என்பதை டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும். கைக்கு வந்தபடி கலப்பது ஆபத்து!

மூச்சு முட்டிப் படுக்கையில் விழுந்தபின் பணம் தரும் திட்டம் நல்லதே. விழாமல் காக்கும் மருந்துக்கும் அதில் ஓர் எண் சேர்ந்தால், நள்ளிரவில் பாலம் தாண்டும் ஓட்டம் குறையும்.