டெங்குத் தடுப்பூசி எந்தக் கட்டத்தில் இருக்கிறது?



அடைமழை விட்டதும் கடலூர் முதுநகரிலும் சிதம்பரத்திலும் கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் குழியில்கூட கொசுப்புழு நெளிகிறது. புகை அடிக்கிறார்கள், அபேட் என்ற கொசுப்புழுக் கொல்லியை ஊற்றுகிறார்கள். டெங்கு நிற்கவில்லை.

டெல்லியில் உள்ள பன்னாட்டு மரபணுப் பொறியியல் மையத்தில் நவீன் கன்னா குழுவினர், வைரஸ் போலத் தோன்றும் துகள்களால் ஒரு தடுப்பூசியை உருவாக்கினார்கள். நான்கு வகை டெங்கு வைரஸின் மேலுறைப் புரதத்திலிருந்தும் ஒரு துண்டை எடுத்து, ஹெபடைடிஸ் பி புரதத்தோடு இணைத்து, ஈஸ்ட்டில் தயாரித்த துகள் அது. உள்ளே வைரஸின் மரபணு இல்லாததால் உடலில் பெருகவே முடியாது. நம் பிள்ளைகளுக்குப் போடும் ஹெபடைடிஸ் பி ஊசியும் இதே இனம்தான். ஒரு வகை டெங்கு வந்தவரை வேறொரு வகை தாக்கினால் நோய் கடுமையாகும் ஆபத்து உண்டு; அதனால்தான் நான்குக்கும் சேர்த்துக் காப்பு வேண்டும். எலிகளிலும் குரங்குகளிலும் நல்ல பலன் கிடைத்ததாக 2018இல் ஆய்வுக் கட்டுரை வந்தது.

2025 பிப்ரவரியில் அமெரிக்கா, இதேபோல் வைரஸ் போலத் தோன்றும் துகள்களால் செய்த சிக்குன்குனியா ஊசிக்கு அனுமதியே கொடுத்துவிட்டது. நம் டெங்கு ஊசி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை மத்திய அரசு மக்களுக்குச் சொல்ல வேண்டும். மேற்கொண்டு செய்ய வேண்டிய சோதனைகளுக்குத் தாமதமின்றி நிதி ஒதுக்க வேண்டும்.

- ஒரு வாசகர், சிதம்பரம்