இடுப்பில் ஒரு சொடக்கு

நம் வீட்டுப் பாட்டிமார் பேரக் குழந்தையின் கன்னத்தை இரு கைகளாலும் வழித்து, தங்கள் நெற்றிப் பொட்டில் விரல்களை மடக்கித் திருஷ்டி முறிக்கும்போது படபடவென்று சொடக்கு விழுகிறது. அதைக் கேட்டு யாரும் பயந்ததில்லை. எத்தனைக்கெத்தனை சொடக்கு விழுந்ததோ அத்தனைக்கத்தனை கண்ணேறு கழிந்ததென்று சந்தோஷமே அடைகிறோம். அதே ஓசை ஒருவருடைய இடுப்பிலிருந்து கேட்டுவிட்டாலோ, வீடு முழுவதும் கலங்கிப் போகிறது.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிப்பதற்கு முன்பே, திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கிராமத்து மூதாட்டி ஒருவர் தம் மகள் வயிற்றுப் பேத்தியை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். பெண் ஒன்பதாம் வகுப்பு மாணவி; கபடிக் குழுவில் சேர்ந்தவள். அவள் மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு எதிர்க் கட்டத்தில் நுழைந்தாளானால், இரண்டு பேரையாவது தொடாமல் திரும்பமாட்டாள்.

"வாத்தியாரய்யா, இவ பேரைக் கபடியிலிருந்து அடிச்சுப் போடுங்க. காலைத் தூக்கி வெச்சா இடுப்புல டக்கு டக்குனு சத்தம் கேக்குதுங்க. பூட்டு விட்டுப் போச்சுன்னு ஊருல பேசிக்கறாங்க. நாளைக்கு ஒரு எடத்துல கட்டிக் குடுக்க வேண்டாமுங்களா?" என்றார் பெரியவர்.

"வலிக்கிறதா, கண்ணு?" என்று பெண்ணைக் கேட்டோம்.

"இல்லைங்க ஐயா. ரொம்ப நேரம் ஆடினா மட்டும் பக்கத்துல கொஞ்சம் எரியுங்க. அம்முச்சிதான் பயப்படறாங்க" என்றாள். அப்படிச் சொன்னபோது அவள் கண்கள் நிறைந்திருந்தன. அது வலியினால் வந்த கண்ணீர் அல்ல என்பது நமக்குத் தெரிந்தது.

நாம் வைத்தியர் அல்ல. பௌதிகம் போதிக்கும் உபாத்தியாயர். ஆகவே, "பெயரை அடிப்பதற்கு ஒரு நிமிஷம் போதும், அம்மா. அதற்கு முன் ஒரு டாக்டரைப் பார்த்துவிடலாம்" என்று சொல்லி, சனிக்கிழமையன்று அவர்களோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே கற்றுக்கொண்டதையும், பின்பு புத்தகங்களைப் புரட்டித் தெரிந்துகொண்டதையும் நேயர்களுக்குச் சொல்வது நம் கடமை என்று தோன்றுகிறது. ஏனெனில், இந்த ஓசையைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன. ஓசைக்குப் பயந்து ஓடியாடும் குழந்தையை முடக்கிவிடுவது ஒன்று. வலியையும் சேர்த்து "வெறும் சத்தந்தானே" என்று தள்ளிவிடுவது மற்றொன்று. இரண்டாவது தவறே அதிகப் பொல்லாதது.

முதலில் ஓசையைக் கவனிப்போம். மூட்டு சொடுக்கினால் எலும்பு எலும்போடு மோதுகிறதென்றே பலரும் எண்ணுகிறார்கள். விரல் சொடக்கில் அப்படி ஒன்றும் நடப்பதில்லை. மூட்டுக்குள் வழவழப்பான திரவம் ஒன்று இருக்கிறது. விரலை இழுக்கும்போது உள்ளே அழுத்தம் சட்டென்று குறைந்து, அத்திரவத்தில் வாயு நிறைந்த குழி ஒன்று உண்டாகிறது. 1947ஆம் ஆண்டிலேயே லண்டனில் இரண்டு ஆராய்ச்சியாளர் எக்ஸ்-ரே எடுத்து இதைச் சொன்னார்கள். 2015ஆம் ஆண்டில் கனடாவிலுள்ள ஆல்பர்ட்டா சர்வகலாசாலையார் விரல் சொடுக்கும் அந்தக் கணத்தையே எம்.ஆர்.ஐ. படமாகப் பிடித்துக் காட்டினார்கள். அமெரிக்காவில் டொனால்ட் அங்கர் என்ற வைத்தியர் இன்னும் வேடிக்கையானவர். சிறு வயதில் பெரியவர்கள் "சொடுக்காதே, மூட்டு வாதம் வரும்" என்று பயமுறுத்தியதைச் சோதிப்பதற்காக, ஐம்பது வருஷத்துக்கு மேலாக இடக்கை விரல்களை மட்டும் தினம் இரண்டு தடவையாவது சொடுக்கி வந்தார். இரண்டு கைகளிலும் மூட்டு வாதம் இல்லையென்று 1998ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். ஒரே மனிதரின் சோதனையைக் கொண்டு முடிவு கட்டலாகாதுதான். ஆனாலும் அவருடைய பொறுமையை மெச்சத்தான் வேண்டும்.

இடுப்பின் சொடக்கோ பெரும்பாலும் வாயுவினால் வருவதன்று. தொடை எலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பெலும்பில் அதற்கேற்ற கிண்ணம் உண்டு. பந்து கிண்ணத்தில் ஆழமாகப் பதிந்திருப்பதால், பெரிய விபத்து நேர்ந்தாலன்றி எளிதில் விலகாது. "பூட்டு விட்டுப் போச்சு" என்று ஊரார் சொல்வது பெரும்பாலும் பொய்ப் பயமே. ஓசை எழும் இடங்கள் மூன்று.

முதலாவது, வெளிப் பக்கம். இடுப்பெலும்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக முழங்காலுக்குக் கீழே வரையில் பட்டையான தசைநார் ஒன்று ஓடுகிறது. தொடை எலும்பின் மேற்புறத்தில், நாம் ஒருக்களித்துப் படுக்கும்போது பாயில் அழுந்துகிறதே, அந்த மேட்டின் மேல் இப்பட்டை முன்னும் பின்னும் வழுக்கிச் செல்கிறது. பட்டை இறுகியிருந்தால் வழுக்காமல் தடைப்பட்டு நின்று, பிறகு வீணைத் தந்தியைச் சுண்டிவிட்டது போலத் துள்ளுகிறது.

இரண்டாவது, முன் பக்கம். முதுகெலும்பிலிருந்து இறங்கி, தொடையைத் தூக்க உதவும் பெருந்தசையின் நார், அடிவயிறும் தொடையும் சேரும் கவட்டைப் பகுதியில் எலும்பு மேடு ஒன்றைத் தாண்டுகிறது. மடக்கித் தூக்கிய காலை இறக்கும்போது அங்கே 'டொக்' என்று கேட்கும். வெளிப் பக்கத்துச் சொடக்கை எட்ட இருந்தே கண்ணால் பார்த்துவிடலாம். முன் பக்கத்துச் சொடக்கை எட்ட இருந்தே காதால் கேட்டுவிடலாம் என்பது வைத்தியர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் வேடிக்கை.

மூன்றாவது, மூட்டுக்கு உள்ளேயே எழுவது. கிண்ணத்தின் விளிம்பிலுள்ள குருத்தெலும்பு கிழிந்திருந்தாலும், சிறு துணுக்கு ஒன்று உடைந்து உள்ளே திரிந்தாலும் இது வரும். முந்தைய இரண்டும் பெரும்பாலும் சாதுக்கள். இதைத்தான் அலட்சியம் செய்யக் கூடாது.

டாக்டர் இதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பேத்தியை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, அவள் இடுப்பின் பக்கத்தில் பாட்டியின் உள்ளங்கையைப் பிடித்து வைத்தார். பெண் காலை மடக்கி நீட்டினாள். கைக்குக் கீழே பட்டை துள்ளியது. "எலும்பு அசையலைங்களே! மேலே என்னமோ கயிறு மாதிரியில்ல ஓடுது!" என்று பாட்டியே வியந்தார். அந்த ஒரு வாக்கியத்தில் பாதிப் பயம் தீர்ந்தது.

இந்தச் சொடக்கு ஆட்டக்காரர்களுக்கு அதிகம். காலை உயர்த்தி வீசும் பாலே நடனக்காரர் 87 பேரை விசாரித்து 2007ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், பத்தில் ஒன்பது பேர் தங்கள் இடுப்பு சொடுக்குவதாகச் சொன்னார்கள். அவர்களில் பலருக்கு வலியே இல்லை. அரைமண்டியில் நின்று பரதம் பயில்பவருக்கும், கபடியில் காலை நீட்டித் தொடுபவருக்கும் இது வருவதில் அதிசயமில்லை. உட்கார்ந்தே பிழைப்பவர்களும் இதற்கு விலக்கல்ல. நம் சேலம், நாமக்கல் சமவெளியில் குழித்தறியில் அமர்ந்து நாள் முழுவதும் மிதி மிதிக்கும் நெசவாளரையும், நாமக்கல் லாரியை வட தேசம் வரையில் ஓட்டிச் செல்லும் டிரைவரையும் நினைத்துப் பாருங்கள். தொடை மடிந்தபடியே பல மணி நேரம் இருந்தால் முன் பக்கத்துத் தசை குறுகி இறுகுவது இயல்பே. எழுந்திருக்கும்போது அது முறுமுறுக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு. காய்ச்சலுக்கெல்லாம் பிட்டத்தில் திரும்பத் திரும்ப ஊசி குத்தினால், அங்குள்ள தசை நாளடைவில் தழும்பேறி நாராக இறுகிவிடலாம். அப்படிப்பட்ட குழந்தை முழங்கால்களைச் சேர்த்துக் குந்த முடியாமல் அகட்டியே உட்காரும், இடுப்பும் சொடுக்கும். மருந்து வாய்வழியே கொடுத்தால் போதுமென்று டாக்டர் சொல்லும்போது, "ஊசி போட்டால்தான் திருப்தி" என்று பிடிவாதம் செய்யும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, இரண்டாவது தவறுக்கு வருவோம். நம் தெருவில் குழித்தறி நெசவாளர் ஒருவர் இருக்கிறார். கை தேர்ந்தவர், வெண்பட்டு நெய்வதில் அவருக்கு நிகர் அவரே. நாற்பது வயதில் அவருடைய கவட்டையில் வலி ஆரம்பித்தது. காலை அசைத்தால் ஓசையும் கேட்டது. சுளுக்கு என்று எண்ணி, காலைப் பிடித்துத் திருகி இழுக்கும் ஒருவரிடம் மூன்று தடவை போனார். வலி அடங்குவதற்காக, பெயர்ச் சீட்டு இல்லாத பொட்டல மாத்திரைகளை இரண்டு வருஷம் விழுங்கினார். கடைசியில் நொண்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தொடைப் பந்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் நின்று எலும்பு மடிந்து நொறுங்கியிருப்பது தெரிந்தது. பொட்டலத்தில் இருந்தது என்னவென்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் சாப்பிடுவதும், மிதமிஞ்சிக் குடிப்பதும் இந்த வியாதிக்கு முக்கிய காரணங்கள் என்பது வைத்திய உலகம் அறிந்த உண்மை. தொடக்கத்தில் எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. படம் காட்டிக் கொடுக்கும். அவர் இப்போது செயற்கை மூட்டோடு நடமாடுகிறார். ஆனால் குழித்தறியில் இறங்கி உட்கார முடிவதில்லை. தறியை மகன் பார்த்துக்கொள்கிறான்.

ஆகையால் இந்த அடையாளங்களை மனத்தில் வையுங்கள்: கவட்டையில் ஆழ்ந்த வலி, ராத்திரியில் படுத்தாலும் விடாத வலி, நடையில் நொண்டல், மூட்டு சிக்கிக்கொண்டு திரும்ப மறுப்பது, கால் திடீரென்று வலுவிழப்பது, விழுந்த பிறகு தொடங்கிய ஓசை. இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதியாமல் எலும்பு வைத்தியரிடம் போக வேண்டும். காய்ச்சலோடு குழந்தை நொண்டினால் அன்றைக்கே போக வேண்டும். பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் உள்ள பிள்ளை, முழங்காலில் குறை ஒன்றும் இல்லாதிருக்க, "முழங்கால் வலிக்கிறது" என்று நொண்டினால் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பின் வலி முழங்காலில் போய்ப் பேசுவதுண்டு. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி 1986 முதல் இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் ஓடவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

வலியில்லாத வெறும் சொடக்குக்கு மருந்தே வேண்டியதில்லை. சிறிது வலி இருந்தால், அதை உண்டாக்கும் அசைவைச் சில வாரம் குறைத்துக்கொண்டு, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைக் கால் மணி நேரம் வைக்கலாம். பிறகு வேண்டியது பயிற்சி. பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் கற்பித்தவை இவை:

சுவரோரமாக நின்று, நோகும் பக்கம் சுவரை நோக்கி இருக்க, சுவரில் கையை ஊன்றிக்கொள்ள வேண்டும். சுவர்ப் பக்கத்துக் காலை மற்றக் காலுக்குப் பின்னால் குறுக்காக வைத்து, இடுப்பை மெல்லச் சுவர்ப்பக்கம் சாய்த்து முப்பது விநாடி நிற்க வேண்டும்.

பாயில் நோகும் பக்கத்து முழங்காலை ஊன்றி, மறு பாதத்தை முன்னால் வைத்து, முதுகு நிமிர்ந்தபடி இடுப்பை முன்னே தள்ளி முப்பது விநாடி இருக்க வேண்டும். இவ்விரண்டையும் மும்மூன்று தடவை செய்யலாம்.

நல்ல பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, மேற்காலை மடக்காமல் சற்றுப் பின்வாட்டில் உயர்த்தி ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்க வேண்டும், பத்துத் தடவை.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, இடுப்பைத் தரையிலிருந்து தூக்கி இறக்க வேண்டும். இதுவும் பத்துத் தடவை.

பயிற்சியால் வலி மிகுந்தால் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் கேட்கிறதா?" என்று வேண்டுமென்றே சொடுக்கிப் பார்ப்பதையும் விட்டுவிட வேண்டும். பிறர் காலைப் பிடித்துத் திருகுவது கூடவே கூடாது. ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் பெரும்பாலோருக்குக் குணம் தெரியும். தெரியாவிட்டால் டாக்டர் ஊசியைப் பற்றி யோசிப்பார். கத்தி வைக்கும்படி நேருவது மிக அபூர்வம். நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் மணிக்கு ஒரு முறை எழுந்து நாலு அடி நடப்பது, எல்லாப் பயிற்சிக்கும் முதற் பயிற்சி.

அந்தப் பெண் எட்டு வாரம் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு, சுவரையும் பாயையும் நம்பிப் பயின்றாள். எரிச்சல் நின்றுவிட்டது. சொடக்கு எப்போதாவது கேட்கிறதாம். அதைப் பற்றி யாரும் இப்போது கவலைப்படுவதில்லை. அவள் பெயர் கபடிக் குழுவின் பட்டியலில் அப்படியே இருக்கிறது.

சென்ற வாரம் பாட்டியைச் சந்தையில் கண்டோம். பேத்தியோடு திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறியே போய் வந்ததாகச் சொன்னார். அங்கே படிகள் ஏறக்குறைய 1,200. "இவ இடுப்பு ஒரு சத்தமும் போடலைங்க. என் முழங்காலுதான் படிக்குப் படி தாளம் போட்டுது!" என்றார்.

"வலித்ததா, அம்மா?" என்று கேட்டோம்.

"வலிச்சா சும்மா இருப்பனுங்களா? உங்க டாக்டரத்தானே மொதல்ல போய்ப் பாத்திருப்பேன்!" என்று சொல்லிச் சிரித்தார். நாம் இத்தனை பத்திகளில் எழுதியதை அந்த அம்மாள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.