யார் குற்றம்?

சித்திரப் படமெனிற் சிறுவர்க்குரிய வேடிக்கை என்பார் உளர். அன்னார் யப்பானிய நெறியாளர் தக்காஹத்தா 1988இல் வெளியிட்ட ‘மின்மினிகளின் கல்லறை’யைக் காண்பாராக. 1945இல் கோபே நகர் குண்டுவீச்சில் எரியத் தாயை இழந்த 14 வயதுச் செய்த்தாவும் 4 வயதுத் தங்கையும் உறவினள் ஒருத்தியை அடைகின்றனர். அவள் கடுஞ்சொற் பொறாது குளக்கரைக் குகையொன்றிற் குடிபுகுந்து, ஒருவர்பின் ஒருவராய்ப் பசியால் மாய்கின்றனர். செய்த்தாவின் சாவைத் தொடக்கத்திலேயே படம் காட்டிவிடுதலின், பிழைப்பரோ என்னும் ஐயம் எழுவதில்லை. யார் குற்றம் என்னும் வினாவே நெஞ்சை அறுக்கின்றது. உறவினளைக் கொடியவளெனத் தள்ளுதல் எளிது. ஆயின் அவளும் பங்கீட்டரிசியை அளந்து உலைவைத்தவளே. தங்கை மெலிவது கண்டும் மானம் பெரிதென அவன் திரும்பிலன். மூலக்கதையை 1967இல் எழுதிய நொசாக்கா, தம் தங்கையைப் போர்க்காலப் பசிக்குப் பறிகொடுத்தவர்; தம்மை நொந்தே அதனை எழுதினார். மீண்டிருப்பின் சிறுமி பிழைத்திருப்பாள் என்றே யான் கருதுகின்றேன். எனினும், 14 வயதுப் பிள்ளையிடம் அத்துணைப் பொறுமையை எதிர்பார்த்தல் தகுமோ?