புலிக்கு முன்னால் சாளையைச் சொல்லுங்கள்

அறிவியல் பகுதிக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டார்கள். ஒரு பாடத்தை நமக்கு எப்படிச் சொல்லித் தரலாம் என்று என் மனதில் பட்டதை எழுதுகிறேன். மிஸ், சார் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

2012-13ஆம் கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு வீட்டில் தமிழ், வகுப்பில் இங்கிலீஷ். 'புட் வெப்' பாடம் வந்தால் போர்டில் வழக்கமாக ஏறுவது புல், மான், புலி. இல்லாவிட்டால் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து. புலி மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் தூத்துக்குடியில் புலியை யார் பார்த்தது? பாஷை புதுசு, 'புரொடியூசர்', 'கன்ஸ்யூமர்' என்ற சொல் புதுசு, மிருகமும் படத்தில் மட்டும் பார்த்தது. ஒரே பீரியடில் இத்தனையும் என்றால் மனப்பாடம் பண்ணத்தான் தோணும்.

நம் கடலை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அதில் வான் தீவு, காசுவார் தீவு, காரியச்சல்லி எல்லாம் நம்ம பக்கத்துத் தீவுகள். தண்ணீரில் மிதக்கிற, கண்ணுக்குத் தெரியாத பாசிதான் இங்கே புல். அதைச் சாளை தின்னும், நெத்திலி தின்னும். இவற்றைச் சீலா விரட்டிப் பிடிக்கும் (சென்னையில் வஞ்சிரம் என்பார்களே, அதுதான்). ஓங்கிலும் மீன் தின்றுதான் வாழ்கிறது. அடியில் கடற்புல் இருக்கு. அதை ஆவுளியா, அதாவது கடல் பசு, ஒரு நாளைக்கு 30, 40 கிலோ வரை மேயும். பச்சை ஆமையும் அதே புல்லைத்தான் மேயும். சங்கு பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் அது மண்ணுக்குள்ளே இருக்கிற புழுவைத் தின்னும் மாமிசப் பிராணி. கடல் அட்டை மணலை விழுங்கி, அதிலுள்ள அழுகலைச் சாப்பிட்டுவிட்டு மணலைத் திருப்பித் தந்துவிடும்.

முத்துச் சிப்பி தண்ணீரை வடிகட்டிப் பாசியைத் தின்கிறது. அந்தச் சிப்பியைத் திருக்கை நொறுக்கும், கிளாத்தி கொத்தும், நட்சத்திர மீனும் கணவாய் வகைப் பேய்க்கணவாயும் தின்னும். ஒரு சிப்பிக்கு எத்தனை எதிரிகள்! நூறு வருஷத்துக்கு முன்னால் ஹெர்ட்மன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி இலங்கைப் பக்கத்துச் சிப்பிகளை ஆராய்ந்து, திருக்கையின் வயிற்றில் வளரும் ஒரு நாடாப்புழுவின் குஞ்சுதான் சிப்பிக்குள் போய் முத்தாகிறது என்றுகூட நினைத்தார். பின்னால் வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் முத்தைத் தேடிப்போனவர் யாரை யார் தின்னுகிறார் என்றல்லவா பார்த்திருக்கிறார்! நம் ஊரில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். 1973-ல் இங்கேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியை வளர்த்து முத்து எடுத்துக் காட்டினார்கள்.

இப்போது அம்புக்குறி விஷயத்துக்கு வருகிறேன். பரீட்சையில் மார்க் போவது இங்கேதான். தின்னப்படுவதிலிருந்து தின்னுவதை நோக்கி அம்பு போகணும், ஏனென்றால் சக்தி போகிற திசை அது. இங்கிலீஷில் 'சீர் பிஷ் ஈட்ஸ் சார்டின்' என்று எழுதி, அதே வரிசையில் அம்பு போட்டால் சீலாவிலிருந்து சாளைக்குப் போகும். தப்பு! தமிழில் 'சாளையைச் சீலா தின்னும்' என்று மாற்றிச் சொல்லலாம். அந்த 'ஐ' இருப்பதால் அர்த்தம் மாறாது, அம்பும் சரியாக விழும். இங்கிலீஷில் வார்த்தையை அப்படி மாற்றிப் போட்டால் சாளை சீலாவைத் தின்றுவிடும்! அங்கே 'சார்டின் இஸ் ஈட்டன் பை சீர் பிஷ்' என்றுதான் சொல்லணும். முதலில் தமிழில் அம்பைப் போட்டுவிட்டு, பிறகு அந்த அம்பைப் பார்த்து 'இஸ் ஈட்டன் பை' எழுதினால் அறிவியலும் வரும், கிராமரில் 'பாசிவ் வாய்ஸ்'ஸும் வரும்.

தமிழில் சொன்னால் இங்கிலீஷ் எப்போது வரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பெயர் தெரிந்த பொருளுக்கு இன்னொரு பெயர் வைப்பது சுலபம் என்பது என் எண்ணம். பொருளே தெரியாவிட்டால் இரண்டு பெயரும் சத்தம்தான். அதோடு, நம் வார்த்தைகள் இங்கிலீஷுக்கே போயிருக்கு. சங்கை அவர்கள் 'சாங்க்' என்கிறார்கள். ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ல் அந்தப் பெயரிலேயே ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார். கடலடிப் பாறைத் திட்டுக்கு நம் ஆட்கள் சொல்லும் 'பார்' என்ற சொல்லையும் ஆராய்ச்சி அறிக்கைகளில் அப்படியே போட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரர் நம்மிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது நமக்கு மட்டும் வகுப்பில் ஆகாதா?

இன்னொரு பேச்சும் உண்டு. எல்லாரும் கடற்கரைப் பிள்ளைகளா என்று. இல்லைதான். உப்பளத்துப் பிள்ளைகளுக்குப் பாத்தியே பாடம்: உப்புத் தண்ணீர்ப் பாசி, அதைத் தின்னும் ஆர்ட்டீமியா என்ற சின்ன இறால், அதைத் தின்னும் பூநாரை. அதன் சிவப்பு நிறம்கூட இரையிலிருந்து வருவதுதான். ஒட்டப்பிடாரம் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் கரிசல் காட்டில் மயில், கீரி, ஓணான் இல்லாமலா போச்சு? புத்தகத்துப் புலி அதற்குப் பிறகு வரட்டும். பரீட்சைக்கு அதுவும் வேணும். பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு பாடத்தை இணைக்கணும் என்று 2005-ன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பிலேயே சொல்லியிருக்கிறார்களாம்.

நான் இவ்வளவு எழுதக் காரணம், வகுப்பில் வாயே திறக்காத சிலர்தான். அவர்களுடைய அப்பாவோ மாமாவோ கடலுக்குப் போகிறவர்கள். எந்த மீன் வயிற்றில் எந்த மீன் கிடந்தது என்று மத்தியானம் சோறு சாப்பிடும்போது கதை கதையாகச் சொல்வார்கள். மணி அடித்து, மிஸ் இங்கிலீஷில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். மார்க் லிஸ்டில் அவர்களுக்குப் பெயர் 'வீக் ஸ்டூடன்ட்'. இது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது, ஆனால் மார்க் எனக்குத்தான் கூட.

இந்தத் தாளுக்குப் பக்கத்தில் ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறேன். நடுவில் முத்துச் சிப்பி, சுற்றிலும் நிறைய இடம் காலி. மீன் பெயர் தெரிந்தவர்கள் பென்சிலில் எழுதி அம்பு போடுங்கள். இங்கிலீஷ் பெயரை அறிவியல் மிஸ்ஸும் இங்கிலீஷ் சாரும் சேர்ந்து எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பென்சில் நூலில் கட்டித் தொங்குது, யாரும் எடுத்துட்டுப் போயிராதீங்க.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி