படிக்கப் போன பிள்ளை ஊர் சுற்றலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் வீட்டில் ஒரு சிறிய சச்சரவு. பேத்தி பிரான்சில் லியோன் நகரத்தில் மேல்படிப்புப் படிக்கிறாள். விடுமுறையில் உடன் படிக்கும் நான்கு பேரோடு ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி என்று பத்து நாள் ரயிலில் சுற்றி வரலாமா என்று கேட்டிருக்கிறாள். “படிக்கத்தானே அனுப்பினோம், ஊர் சுற்றவா?” என்றான் மகன். மருமகளுக்கு வேறு கவலை. தெரியாத ஊர், கூட வருகிற பிள்ளைகள் எப்படிப்பட்டவர்களோ என்று. கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். “நீங்களே சொல்லுங்க மாமா” என்றாள் மருமகள்.

“போகட்டும்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் அதற்குப் பின்னால் ஐம்பது ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது. அதை இங்கே எழுதிவிடுகிறேன். வெளிநாட்டில் பிள்ளைகள் படிக்கும் வீடுகள் நம் ஊரில் இப்போது நிறைய. யாருக்காவது உதவும்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பது இதைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். தென்பெண்ணை எங்கே பிறக்கிறது என்று தெரியாத வயதில் லுவார், ரோன், கரோன் நதிகளைப் பார்க்காமல் வரைவோம். பிறகு உதவித்தொகை கிடைத்து மொன்பெலியே நகரத்துக்குப் படிக்கப் போனேன். என்னோடு புதுவைப் பையன்கள் இருவர் அங்கே இருந்தார்கள். ஒருவன் சொல்தா வீட்டுப் பிள்ளை. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். மற்றவன் வாத்தியார் மகன். மூவரும் ஒரே தெருவில் பம்பரம் விட்டவர்கள்.

ஒரே தெருதான், ஆனால் ஒரு வேறுபாடு. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் தந்தார்கள். அவர்கள் இருவர் வீட்டிலும் எழுதிக் கொடுத்தார்கள். என் அப்பா, “நாம எங்க போகப் போறோம்?” என்று விட்டுவிட்டார். ஆகவே அவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், நான் இந்தியன். அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. ஆனால் ரயிலில் எல்லை தாண்டும்போது அந்த வேறுபாடு நன்றாகத் தெரிந்தது.

1972-இல் இன்டர்ரெயில் என்று ஒரு சீட்டு கொண்டு வந்தார்கள். 21 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு மாதம் 21 நாடுகளில் ரயிலில் போகலாம். தான் இருக்கும் நாட்டில் மட்டும் பாதிக் கட்டணம் தர வேண்டும். 1973 கோடை விடுமுறைக்கு நாங்கள் மூவரும் அந்தச் சீட்டை வாங்கினோம். எனக்கு 21 முடிய நான்கு மாதம்தான் பாக்கி. அவர்கள் அடையாள அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு தயாராகிவிட்டார்கள். நான் எந்த நாட்டுக்கு விசா வேண்டும், எதற்கு வேண்டாம் என்று விசாரித்து, வேண்டியதை வாங்கி முடிக்கப் பதினைந்து நாள் ஆனது. இருவரும் முகம் சுளிக்காமல் எனக்காகக் காத்திருந்தார்கள்.

நல்லதை முதலில் சொல்கிறேன். கொலோன் நகரத்தில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே அந்தப் பேராலயம். கோபுரம் 157 மீட்டர். 1248-இல் தொடங்கி 1880-இல் முடித்தார்களாம். பிற்காலத்தில் எங்கள் அலுவலகத்தில் கோப்பு நகரவில்லை என்று யாராவது குறைப்பட்டால் இந்தக் கணக்கைத்தான் சொல்லி ஆறுதல் தருவேன். ஹாம்பர்க்கிலிருந்து கோபன்ஹேகன் போகும் வழியில், புட்கார்டன் என்ற துறையில் ரயில் அப்படியே கப்பலுக்குள் நுழைந்தது. நாங்கள் இறங்கி மேல்தளத்துக்குப் போய்க் கடலைப் பார்த்தோம். “நம்ம பழைய பாலத்துல ரயில் வந்து கப்பல் ஏறினா எப்படி இருக்கும்?” என்றான் சொல்தா வீட்டுப் பிள்ளை. வெகுநேரம் சிரித்தோம். கோபன்ஹேகனில் ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம். சாப்பிடும் நேரம் தெரியாமல் திரிந்தோம்.

கஷ்டங்களும் உண்டு. விடுதிக் காசை மிச்சம் பிடிக்க இரவு ரயிலில் உட்கார்ந்தபடியே தூங்குவோம். காலையில் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். ரொட்டியும் சார்டின் டப்பாவும்தான் சாப்பாடு. சோறு தின்று இருபது நாளான நிலையில், மிலானில் ஒரு கடைச் சன்னலில் மஞ்சளாகச் சோறு தெரிந்தது. எலுமிச்சைச் சாதம் என்று நினைத்து ஓடினோம். அது குங்குமப்பூவும் வெண்ணெயும் சேர்த்துக் குழைய வேகவைத்த ரிசோட்டோ. வாத்தியார் மகன் ஒரு வாய் வைத்துவிட்டு, “ஊறுகா இருந்தா தப்பிச்சுக்கலாம்” என்றான். ஆனாலும் தட்டைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்தோம்.

இந்தக் கஷ்டங்களால் நட்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கெடுத்தவன் நான்.

மூவரின் பணத்தையும் ஒன்றாகப் போட்டு வைத்திருந்தோம். கணக்கு என் பொறுப்பு. எழுத்தர் வேலைக்கென்றே பிறந்தவன் அல்லவா! பிராங்க், மார்க், குரோனர், லிரா எல்லாம் பத்தி பிரித்து ஒரு நோட்டில் எழுதினேன். முதல் வாரம் செலவை எழுதினேன். இரண்டாம் வாரம் முதல் யார் அதிகம் செலவழித்தான் என்று எழுத ஆரம்பித்தேன். பிளாரன்சில் சொல்தா வீட்டுப் பிள்ளை பொதுப் பணத்தில் ஓர் ஐஸ்கிரீம் வாங்கிவிட்டான். சுமார் ஒரு பிராங்க் பெறும். அதை நான் விடுதியில் தங்கியிருந்த வேற்று நாட்டுப் பிள்ளைகள் முன்னால், பிரெஞ்சில், கேட்டேன். தமிழில் கேட்டிருந்தால்கூட எங்களுக்குள் போயிருக்கும். அவன் பதில் பேசாமல் தன் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்துக் கட்டில்மேல் வைத்தான். அதன் பிறகு ரோம் வரை அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை.

திரும்பும்போது இத்தாலி எல்லையில் வென்டிமிலியா என்ற ஊர். அங்கே பிரெஞ்சு அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, பிரான்சில் தங்கும் அனுமதி அட்டையைக் கேட்டார். கார்த் தெ செஜூர் என்போம். பையைக் கவிழ்த்துத் தேடினேன், இல்லை. மொன்பெலியே அறையில் மேசை இழுப்பில் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வழியில் எந்த நாட்டிலும் அதை யாரும் கேட்காததால் நினைவே வரவில்லை. தவறு முழுக்க என்னுடையது. அதிகாரி மரியாதையாகவே பேசினார். “இவ்வளவு நல்ல பிரெஞ்சு எங்கே கற்றீர்கள்?” என்றுகூடக் கேட்டார். புதுச்சேரியில் என்றேன். மொழி இருந்தது, அட்டை இல்லை. விசாரித்துத்தான் விட முடியும், அலுவலகம் திறக்கக் காலை ஆகும் என்று சொல்லி இறக்கிவிட்டார்.

ரயில் புறப்பட ஐந்து நிமிடம். வாத்தியார் மகன் தயங்கினான். மறுநாள் காலை அவனுக்கு ஒரு பழக்கிடங்கில் விடுமுறை வேலை ஆரம்பம். போகாவிட்டால் வேலை வேறொருவனுக்கு. “நான் போகணும்டா” என்றான். சொல்தா வீட்டுப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. மேலே இருந்த தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கி என் பக்கத்தில் நின்றான்.

அந்த இரவு நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஐஸ்கிரீம் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மறுநாள் தொலைபேசியில் விசாரித்து மதியம் என்னை விட்டார்கள்.

இதைக் கேட்டால் எல்லோரும் இறங்கி வந்தவனைப் புகழ்வார்கள், ரயிலில் போனவனை ஏசுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். வாத்தியார் மகனோடு பேச்சைக் குறைத்தேன். அப்பா காலமானதால் படிப்பை முடிக்காமல் ஊர் திரும்பி அரசு வேலையில் சேர்ந்த பிறகு, அவன் எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதில் போடவில்லை. ஒரு முறை அவன் புதுவை வந்து அலுவலகத்துக்குத் தேடி வந்தபோது, பியூனிடம் நான் விடுப்பில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். அவன் திண்ணையில் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் அவன் பிரான்சிலேயே இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

வயதான பிறகுதான் யோசிக்கிறேன். அவன் செய்தது என்ன தப்பு? அட்டையை மறந்தவன் நான். அந்த வேலை அவனுக்கு அடுத்த மூன்று மாதச் சாப்பாடு. அவன் இறங்கி வந்திருந்தால் பெஞ்சில் இரண்டு பேருக்குப் பதில் மூன்று பேர் உட்கார்ந்திருப்போம், அவ்வளவுதான். எனக்காகப் பதினைந்து நாள் விசாவுக்குக் காத்திருந்தவன் அவனும்தான். அதை நான் நோட்டில் எழுதவில்லை. ஐந்து நிமிடத்தை மட்டும் நாற்பது ஆண்டு மனத்தில் வைத்திருந்தேன்.

ஆகவே என் கருத்து இது. பிள்ளைகள் போகட்டும். படிக்கப் போன இடத்தில் ஊர் பார்ப்பதும் படிப்புதான். இன்று வழியும் எளிது. 1985-இல் லக்சம்பர்க்கில் ஷெங்கன் என்ற சிற்றூரில் கையெழுத்தான ஒப்பந்தம் 1995-இல் நடைமுறைக்கு வந்தபின், எல்லைக்கு எல்லை நிறுத்திக் கேட்பது பெரும்பாலும் போய்விட்டது. 2002 முதல் பல நாடுகளில் கையில் புழங்குவது ஒரே யூரோ. பிரான்சில் தங்கும் அனுமதி உள்ள மாணவர் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். அங்கே வசிப்பவர் என்பதால் இன்டர்ரெயில் சீட்டும் வாங்கலாம், இளைஞர் சலுகை இப்போது 27 வயது வரை. இங்கிலாந்தும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை, அவற்றுக்குத் தனி விசா வேண்டும்.

மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வங்கிக் கடனில் படிக்கும் பிள்ளை அந்தப் பணத்தை எடுத்து ஊர் சுற்றக் கூடாது. பிரான்சில் மாணவர்கள் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. அதில் சேர்த்ததைக் கொண்டு போகலாம். பேத்தியும் ஒரு ரொட்டிக் கடையில் சேர்த்து வைத்திருக்கிறாள்.

அவளிடம் நான் சொன்னவை நான்குதான். பாஸ்போர்ட், தங்கும் அனுமதி அட்டை இரண்டும் உடம்போடு இருக்கட்டும், சோதனை இன்றும் சில எல்லைகளில் உண்டு. பணத்தை ஒன்றாகப் போடாதீர்கள், பொதுச் செலவை அன்றன்று ராத்திரி தீர்த்துவிடுங்கள், காப்பி, ஐஸ்கிரீமையெல்லாம் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்று நாளைக்கு ஒரு முறையாவது அவரவர் விருப்பப்படி தனித்தனியாகச் சுற்றுங்கள், ஒருவருக்கு அருங்காட்சியகம் பிடிக்கும், ஒருவருக்குச் சும்மா உட்காரப் பிடிக்கும். கடைசியாக, யாராவது வழியில் மாட்டிக்கொண்டால் யார் கூட இருப்பது, யார் போவது என்று கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். போகிறவர் குற்ற உணர்ச்சி இல்லாமல் போகட்டும். இருக்கிறவர் சொல்லிக் காட்டாமல் இருக்கட்டும்.

“தாத்தா, அந்த நோட்டு இன்னும் உங்ககிட்ட இருக்கா?” என்று கேட்டாள். இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். பிளாரன்ஸ் ஐஸ்கிரீம் அடிக்கோடிட்டு இருக்கிறது. வென்டிமிலியா இரவுக்கு ஒரு வரியும் இல்லை. அன்று விடியும் முன் யார் காசில் காப்பி குடித்தோம் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை.

சொல்தா வீட்டுப் பிள்ளை துலூஸில் இருக்கிறான், பேரன் பேத்தி எடுத்துவிட்டான். நேற்று அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஐஸ்கிரீம் விஷயத்துக்கு ஐம்பது ஆண்டு கழித்து மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு நினைவே இல்லை. வாத்தியார் மகன் அலுவலகத்துக்கு வந்து திரும்பிப் போனதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவன் எங்கிட்ட சொன்னான்டா, நீ உள்ளதான் இருந்தேன்னு அவனுக்குத் தெரியும்” என்றான்.

அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை.