தள்ளாடும் வீரன்



சென்ற வாரம் இடைவேளை மணி அடித்த பிறகு பள்ளித் திடலில் ஒரு வேடிக்கை. மூன்றாம் ஆண்டுப் பையன்கள் ஐந்தாறு பேர், இல்லாத கிண்ணத்தை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி நடக்கிறார்கள். ஒருவன் விழுவதுபோல் சாய்ந்து, விழாமல் எழுந்து, எதிரில் நின்றவன் நெஞ்சில் ஒரு குத்து விடுகிறான். "என்னடா கூத்து இது?" என்று கேட்டேன். "ஜாக்கி சான் சார்! குடிச்சாதான் சார் அவருக்குப் பலமே வரும்!" என்றான் ஒருவன், மூச்சு வாங்க.

எந்தப் படம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர்கள் வயதில் நானும் பார்த்தவன்தான். லயத்தில் ஒரே ஒரு வீட்டில் வீடியோ இருந்த காலம் அது. கூடத்தில் இடமில்லாமல் வாசல்வரை உட்கார்ந்திருப்போம். பேசுவது ஒருவருக்கும் புரியாது, கீழே ஓடும் எழுத்தைப் படிக்க ஒருவருக்கும் பொறுமை இருக்காது. ஆனாலும் பாட்டியிலிருந்து பால்குடிப் பிள்ளைவரை சிரிப்பார்கள். இன்று கைத்தொலைபேசியில் பார்க்கிறார்கள். சிரிப்பு அதே சிரிப்புதான்.

'டிரங்கன் மாஸ்டர்' 1978-இல் ஹாங்காங்கில் எடுத்த படம். இயக்கியவர் யுவென் வூ பிங். குடிகாரக் கிழக் குருவாக வருபவர் அவருடைய சொந்தத் தகப்பனார் யுவென் சியூ தியென். படம் வந்த மறு ஆண்டே அவர் காலமானார். ஜாக்கி சானுக்கு அப்போது வயது 24.

கதாநாயகன் வாங் ஃபெய் ஹுங், உண்மையில் வாழ்ந்த மனிதர். தென்சீனத்தில் வைத்தியம் பார்த்தவர், தற்காப்புக் கலை ஆசான். 1949 முதல் குவான் தக் ஹிங் என்ற நடிகர் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் அவராக நடித்து, நீதி நேர்மை தவறாத பெரியவராகவே அவரைக் காட்டியிருந்தார். அப்பேர்ப்பட்டவரை அப்பன் பேச்சுக் கேளாத தறுதலையாக இந்தப் படம் காட்டியது. சந்தையில் ஒரு பெண்ணிடம் வாலாட்டுகிறான். அவள் தன் அத்தை மகள் என்று தெரியாமல் அத்தையிடமே உதை வாங்குகிறான். சாப்பாட்டுக் கடையில் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டுக் காசு கொடுக்காமல் நழுவப் பார்க்கிறான். சீன ரசிகர்கள் விழுந்து விழுந்து சிரித்ததற்கு இதுவே பாதிக் காரணம். நமக்கு அந்தப் பெரியவரைத் தெரியாது. ஆனால் உதை வாங்கும் தறுதலையைத் தெரியாத தோட்டம் உண்டா?

வேகம்தான் இதன் உயிர். ஒரு சண்டை முடிந்து வியர்வை துடைப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். கதை என்று தேடினால் ஓர் அஞ்சல் தலைக்குப் பின்னால் எழுதிவிடலாம். ஆனால் அந்த உடம்பு செய்வதில் பொய் இல்லை. ஏழு வயதில் சீன நாடகப் பள்ளியில் சேர்க்கப்பட்டு, பத்தாண்டுகள் பிரம்படியோடு கற்ற வித்தை. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கீழ் வாளித் தண்ணீரைச் சின்னக் கிண்ணங்களில் மொண்டு மேல் வாளியில் ஊற்றும் பயிற்சி ஒன்று வரும். அதைப் பார்க்கும்போது நம் வயிறு வலிக்கிறது. விடியுமுன் எழுந்து மரம் சீவி, பால் வாளியைத் தோளில் தூக்கி வளர்ந்த பெற்றோரின் பிள்ளைகள் நாங்கள். அந்தக் காட்சியில் மட்டும் வாசலில் ஒருவரும் சிரித்ததில்லை.

குறை சொல்லாமல் விடமாட்டேன். கண் தெறிக்க விழிப்பது, பல்லை இளிப்பது, அங்கஹீனத்தைக் கேலி செய்வது எல்லாம் மலிவான சரக்கு. பெண் என்றால் கிள்ளுக்கீரை. எட்டு தேவர்களின் பெயரில் எட்டு குடிகார அடிமுறைகளைக் கிழவர் கற்றுத் தருகிறார். அதில் ஒன்று பெண் தேவதையுடையது. "பொம்பளை ஆட்டம்" என்று இவன் அதைப் படிக்காமல் விட்டுவிடுகிறான். கடைசியில் எதிரியிடம் மாட்டிக்கொண்டபோது அந்த எட்டாவதுதான் தேவைப்படுகிறது. சரி, இப்போதாவது புத்தி வரும் என்று பார்த்தால், இவனே ஒன்றைப் புனைந்து, இடுப்பை ஒடித்துக் காட்டி ஜெயித்துவிடுகிறான்! வீட்டுப்பாடம் செய்யாதவனுக்கு முதல் பரிசு. வாத்தியார் எப்படிப் பொறுப்பார், சொல்லுங்கள்.

அதையும் பொறுத்துக்கொள்வேன். குடியைத்தான் பொறுக்க முடியவில்லை. தோட்ட நிர்வாகமே கள்ளுக்கடை வைத்து, கொடுத்த சம்பளத்தை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்ட காலத்தை நம் தாத்தாக்கள் பார்த்தார்கள். பிறகு சம்சு வந்தது. குடித்தவன் கை வேகம் படத்தில் வில்லன்மேல் இறங்கும். லயத்தில் அது யார்மேல் இறங்கியது என்று நம் தாய்மார்களுக்குத் தெரியும்.

அன்று திடலில் ஒரு பையன் மட்டும் விளையாட்டில் சேரவில்லை. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். மேற்கொண்டு எழுத மாட்டேன். மணி அடித்து எல்லோரும் ஓடிய பிறகு மெதுவாக வந்து கேட்டான்: "சார், அவரு நெசமாவே குடிச்சிட்டா அடிக்கிறாரு?"

"இல்லையடா. குடித்தவன் அப்படிக் குட்டிக்கரணம் போட்டால் கழுத்து முறிந்துவிடும். அது தெளிவாக இருக்கிறவன் பல வருஷம் பழகிச் செய்வது" என்றேன். தலையை ஆட்டிவிட்டு வகுப்புக்குப் போனான்.

இதே ஜாக்கி சான் 1994-இல் இரண்டாம் படம் நடித்தார். அதில் தகப்பனார் குடிக்கக் கூடாது என்று கண்டிக்கிறார். கடைசிச் சண்டையில் இவனோ தொழிற்சாலைச் சாராயத்தையே குடித்துவிட்டு அடிக்கிறான். முடிவில் கண் பார்வை போய், புத்தி பேதலித்தவனாக வருகிறான். அதையும் சிரிப்புக்கென்றே எடுத்திருந்தார்கள். அமெரிக்காவில் திரையிட்டபோது அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். எனக்கென்னவோ, இரண்டு படங்களிலும் உண்மை பேசிய ஒரே இடம் அதுதான். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டது உங்களுக்கு நினைவிருக்கும். மெத்தனால் முதலில் பறிப்பவற்றுள் ஒன்று கண் பார்வை.

படத்தைப் பிடுங்கி வைக்கச் சொல்லவில்லை. பிடுங்கினால் அடுத்த வீட்டில் போய்ப் பார்ப்பார்கள். நான் அப்படித்தான் பார்த்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். சிரிக்கும் இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். அந்தத் தண்ணீர் வாளிக் காட்சி வரும்போது மட்டும் தேநீர் கலக்க எழுந்து போய்விடாதீர்கள்.