இவன் தேறுவானா?

2025 ஜூன் 25, புதன்கிழமை இரவு. நியூ ஜேர்சி எடிசனில் ஒரு நண்பர் வீட்டு நிலக்கீழ் அறையில் ஏழு பேர் இருந்தோம். ஆறு பேர் ஈழத்தமிழர். ஏழாவது ஆள் என் மகன், வயது பதினாறு. தான் யார் என்பதை அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. மேசையில் ஆட்டிறைச்சிப் பிரட்டல், பாண், இரண்டு போத்தல். தொலைக்காட்சியில் என்.பி.ஏ. ட்ராஃப்ட்.

பாஸ்கற்போல் பார்க்காத வாசகர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒவ்வொரு ஜூன் மாதமும் முப்பது அணிகள் வரிசையில் நின்று புதுப் பொடியன்களைத் தெரிவு செய்யும். கூடுதலாகத் தோற்ற அணிகளுக்கு முன்வரிசைச் சீட்டு விழ வாய்ப்பு அதிகம். ஒருவனை மேடைக்கு அழைத்து, தொப்பி போட்டு, கைகுலுக்குவார்கள். அவன் அந்த அணிக்காக ஒரு பந்துகூட எறிந்திருக்க மாட்டான். ஆனால் அவன் எத்தனை வருடம் ஆடுவான், எத்தனை கிண்ணம் எடுப்பான், எப்போது முழங்கால் போகும் என்பதையெல்லாம் அன்றிரவே சனம் தீர்ப்பு எழுதி முடித்துவிடும். கல்யாணத் தரகர்கூட இவ்வளவு வேகமாகச் சாதகம் பார்ப்பதில்லை.

அன்றைக்கு முதல் ஆளாக கூப்பர் ஃபிளாக்கை டலஸ் எடுத்தது. இரண்டாவதாக சான் அன்ரோனியோ எடுத்தது டிலன் ஹார்ப்பரை. எங்கள் அறை அதிர்ந்தது, ஏனென்றால் இவன் எங்கள் பக்கத்துப் பொடியன். நியூ ஜேர்சியில் டொன் பொஸ்கோ பள்ளியில் ஆடியவன், பிறகு எடிசனுக்குப் பக்கத்தில் பிஸ்காற்றவேயில் இருக்கிற ரட்கேர்ஸில் ஒரு வருடம். வயது பத்தொன்பது. இடதுகைக்காரன். கார்ட், அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவன். ரட்கேர்ஸில் ஆட்டத்துக்கு சராசரி 19.4 புள்ளி.

"தேறுவான். இரத்தம் மச்சான், இரத்தம்! தேப்பன் ஆர் எண்டு தெரியும்தானே?" என்றார் வீட்டுக்கார அண்ணை.

"என்னத்தைத் தேறுறது? முதல் ஐஞ்சுக்குள்ள போன ரண்டு பேரை வைச்சுக்கொண்டு ரட்கேர்ஸ் 15 வெற்றி, 17 தோல்வி. தூரத்திலை இருந்து எறிஞ்சால் மூண்டுக்கு ஒண்டுதான் விழுது. இவன்ரை கூரை அவ்வளவுதான்" என்றார் எதிரில் இருந்தவர். (இரண்டாவது ஆள் ஏஸ் பெய்லி, அவனை அன்றிரவு ஐந்தாவதாக யூட்டா எடுத்தது.)

இரத்தம், கூரை. இந்த இரண்டு சொல்லோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

முதலில் இரத்தம். தகப்பன் ரொன் ஹார்ப்பர் ஐந்து கிண்ணம் எடுத்தவர். மூன்று சிக்காகோவோடு, இரண்டு லேக்கர்ஸோடு. சரி. ஆனால் இந்தப் பிள்ளைக்குப் பந்து பழக்கியது யார்? தாய், மரியா. பிலிப்பைன்ஸில் பிறந்து சிறுமியாக அமெரிக்கா வந்து, இங்கே கல்லூரி அணியில் ஆடி, பிறகு பிள்ளைகளுக்குத் தானே பயிற்சி கொடுத்த மனுசி. டிலன் அதைத் தன் வாயால் பல தடவை சொல்லியிருக்கிறான். எங்கள் அறையில் அந்தப் பெண்ணின் பெயர் ஒரு தடவையும் வரவில்லை. வருடக்கணக்காக நின்று பயிற்சி கொடுத்த தாய் கணக்கில் இல்லை, தகப்பனுடைய இரத்தம் மட்டும் கணக்கில். எங்கே கேட்ட கதை இது? "நல்ல இடத்துப் பிள்ளை, கட்டாயம் படிக்கும்" என்று யாழ்ப்பாணத்தில் கேட்ட அதே கதைதான். சாதியை கொழும்பு, பாரிஸ், ரொறொன்ரோ என்று சூட்கேசில் காவி வந்த எங்கள் ஆட்களுக்கு, பாஸ்கற்போல் பார்க்கும்போதும் பரம்பரை தேவைப்படுகிறது.

கூரைக் கதைக்கு மறுமொழி அந்தத் தகப்பனிடமே இருக்கிறது. 1986இல் கிளீவ்லண்ட் அவரை எட்டாவதாக எடுத்தது. முதல் வருடமே சராசரி 22.9 புள்ளி. பறந்து பறந்து போடுவார். 1989இல் அவரைக் கைமாற்றினார்கள். 1990 ஜனவரியில் முழங்கால் போனது. அன்றைக்குச் சனம் எழுதியிருக்கக்கூடிய தீர்ப்பை நீங்களே ஊகிக்கலாம். அந்த மனிதர் பிறகு தன் ஆட்டத்தையே மாற்றினார். புள்ளி குறைந்தது, எதிரியின் சிறந்த கார்டைப் பிடித்துக் கட்டுவது வேலையாயிற்று. ஐந்து கிண்ணமும் அதற்குப் பிறகுதான் வந்தன. அவருடைய கூரையை அளந்தவர்கள் வேறு ஒரு வீட்டை அளந்திருக்கிறார்கள்.

ஃப்ரீமொண்டில் எனக்கு ஒரு சிநேகிதன் இருக்கிறான். வொரியேர்ஸ் பைத்தியம். ஸ்ரெபன் கறியை 2009இலேயே தான் கண்டுபிடித்ததாகச் சொல்லுவான். அவன் மட்டுமல்ல, வளைகுடாப் பகுதியில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். உண்மையில் அந்த வருடம் கறி ஏழாவது. அவனுக்கு முன்னால் மினசோட்டா ஐந்தாவது, ஆறாவது என்று அடுத்தடுத்து இரண்டு கார்டுகளை எடுத்தது. இரண்டும் அவன் இல்லை. உடம்பு சின்னது என்றார்கள். பிறகு கணுக்கால் திரும்பத் திரும்பப் பிரண்டபோது முடிந்தது கதை என்றார்கள். 2012 மார்ச்சில் வொரியேர்ஸ் மொன்ரா எல்லிஸை விற்று கறியை நம்பியது. சில நாள் கழித்து ஓக்லண்ட் அரங்கில் உரிமையாளர் ஜோ லேக்கப் ஒலிவாங்கி பிடித்தபோது, சனம் அவரைப் பேசவிடாமல் கூவித் தள்ளியது. பிறகு கறியோடு 2015, 2017, 2018, 2022 என நான்கு கிண்ணம். அன்று கூவியவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்? ஒருவரையும் காணோம். எல்லோரும் 2009இலேயே கண்டுபிடித்தவர்கள்!

இதைவிடக் கொடுமையானது மார்க்கெல் ஃபுல்ற்ஸின் கதை. 2017இல் முதலாவது ஆளாக பிலடெல்பியா எடுத்த கார்ட். அந்த அணி பயிற்சி எடுக்கிற இடம் நியூ ஜேர்சி கம்டனில்தான் இருக்கிறது. வந்த சில மாதத்தில் பொடியனுக்கு எறிகை மறந்துபோனது. பந்து கையில் இருந்து கோணலாகப் போனது. நாடு முழுவதும் அந்தக் காணொளியைப் போட்டுச் சிரித்தது. மனப் பிரச்சினை என்றார்கள், பயந்தாங்கொள்ளி என்றார்கள். நானும் சிரித்தேன், மறைக்க மாட்டேன். 2018 டிசம்பரில் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள்: கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் நரம்பு நெரிபட்டிருக்கிறது. கை சொல் கேட்காத ஒரு பொடியனைப் பார்த்து, துணிவில்லாதவன் என்று ஒரு வருடமாகச் சிரித்திருக்கிறோம்.

"பார்த்தவுடனே தெரியும்" என்ற சொல்லை நான் வெறுப்பதற்கு வேறு காரணமும் உண்டு. 2006இல் நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது சில மாதம் ஒரு தடுப்பு நிலையத்தில் இருந்தேன். மதிலுக்குள் ஒரு தார்த் தரை, வலையில்லாத ஒரு கூடை வளையம். பாஸ்கற்போல் பழகியது அங்கேதான்; எங்கள் ஊரில் வொலிபோல்தான் எங்களுக்குத் தெரியும். ஒரு சோமாலியப் பொடியன் எனக்குப் பந்து தட்டச் சொல்லித் தந்தான். என்னை விசாரித்த அதிகாரி கடைசியில் நம்பவில்லை. ஏனாம்? சித்திரவதையைப் பற்றிச் சொல்லும்போது நான் அழவில்லையாம். 2005இல் இந்த நாடு நிறைவேற்றிய சட்டம் ஒன்று, தஞ்சம் கேட்பவரின் நடத்தையையும் தோரணையையும் வைத்து அவர் சொல்வது நம்பத்தகுந்ததா என்று தீர்மானிக்க இடம் தருகிறது. எனக்கு அழுகை வரவில்லை. அதற்கு நான் என்ன செய்ய? பிறகு ஒரு நீதிபதி மருத்துவ அறிக்கையைப் பார்த்து நம்பினார். அறிக்கை இல்லாமல் போயிருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இனி ஜெரமி லின்னிடம் வருவோம். அன்றிரவு சண்டை உண்மையில் தொடங்கியது அவரால்தான்.

கூரைக்காரரிடம் நான் லின்னின் பெயரைச் சொன்னேன். உடனே ஆறு பேரும் ஒரே குரலில்: "அவன் மூளைக்காரன். ஹார்வர்ட். கடும் உழைப்பாளி. ஆனால் உடம்பு காணாது, வேகம் காணாது."

இது ஆறு பேருடைய கருத்து மட்டுமல்ல, முழு அமெரிக்காவுடையதும் அதுதான். லின் பாலோ ஆல்ரோ பொடியன், தாய்தகப்பன் தைவானில் இருந்து வந்தவர்கள். 2006இல் அவருடைய பள்ளி மாநிலக் கிண்ணம் எடுத்தது. ஆனாலும் பெரிய கல்லூரி ஒன்றும் விளையாட்டுப் புலமைப்பரிசில் கொடுக்கவில்லை. வீதிக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்ரான்ஃபோர்டும் கொடுக்கவில்லை. ஹார்வர்டில் ஆடினார். 2010 ட்ராஃப்டில் அறுபது பெயர் வாசித்தார்கள், அவர் பெயர் இல்லை. சொந்த ஊர் வொரியேர்ஸ் சேர்த்தது, 2011 டிசம்பரில் விட்டது. ஹூஸ்ரன் எடுத்தது, பன்னிரண்டு நாளில், நத்தாருக்கு முதல்நாள், அதுவும் விட்டது. நியூயோர்க் எடுத்து வாங்கில் இருத்தி வைத்தது. 2012 பெப்ரவரி 4இல் ஆளில்லாக் குறைக்கு இறக்கினார்கள். எதிரணி எங்கள் பழைய நியூ ஜேர்சி நெற்ஸ்! 25 புள்ளி. ஆறு நாள் கழித்து கோபி பிரையன்ரின் லேக்கர்ஸுக்கு எதிராக 38. அந்தக் கோடையில் பன்னிரண்டு நாளில் விட்ட அதே ஹூஸ்ரன் மூன்று வருடத்துக்கு இரண்டரைக் கோடி டொலர் கொடுத்துத் திரும்ப எடுத்தது.

இதற்குப் பிறகும் "உடம்பு காணாது". ஹூஸ்ரன் அணியின் அன்றைய பொது முகாமையாளர் டாரில் மோரி, 2016இல் வந்த மைக்கல் லூயிஸின் புத்தகத்தில் ஒரு விசயத்தை ஒத்துக்கொள்கிறார். அவர்களுடைய கணக்கு லின்னை நல்ல ஆள் என்றது. கண் இல்லையென்றது. அவர்கள் கண்ணை நம்பினார்கள். பிறகு ஆட்டக்காரர்களின் முதல் அடியின் வேகத்தைக் கருவி வைத்து அளந்தபோது, அளந்தவர்களிலேயே மிக வேகமானவர்களில் ஒருவராக லின் வந்தார். தான் உட்பட எல்லோரும் அவருக்கு உடற்திறன் இல்லை என்று நினைத்ததற்கு, அவர் ஆசியர் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை என்று மோரி சொல்கிறார்.

நான் இதைச் சொல்ல வீட்டுக்கார அண்ணை சிரித்தார். "உது வெள்ளையள் சொல்லுற கதை. எங்கடை பொடியளுக்கு உடம்பு காணாதுதான். உள்ளதைச் சொன்னால் என்ன?"

ஆசியனுக்கு ஓட வராது என்று அமெரிக்கன் சொன்னால் இனவாதம், தமிழன் சொன்னால் யதார்த்தம்! 2015இல் டலஸ் சத்னம் சிங்கை 52ஆவதாக எடுத்தபோது இதே அறையில்தான் கைதட்டினோம். பஞ்சாபிப் பொடியன், ஏழடிக்கு மேல் உயரம். அவன் ஒரு என்.பி.ஏ. ஆட்டத்திலும் இறங்கவில்லை என்றவுடன் "நான் அப்பவே சொன்னனான்" என்றவரும் இதே அறையில் இருந்தார். புன்னாலைக்கட்டுவனில் இருந்து வந்த தர்ஜினி சிவலிங்கம், 2019 வலைப்பந்து உலகக் கிண்ணத்தில் மற்ற எல்லோரையும்விடக் கூடுதலாகப் பந்து போட்டார். அவரைப் பற்றி எங்கள் ஆட்கள் கதைத்தது என்ன? உயரத்தைப் பற்றி. உயரமான பெண்கள் ஆயிரம் பேர் இருக்கலாம், அந்தக் கையும் அந்தக் கண்ணும் எத்தனை பேருக்கு?

இவ்வளவு சொல்கிற எனக்குத் தகுதி உண்டா என்றால், இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

என் மகனும் கார்ட்தான். ஐந்தடி எட்டு அங்குலம். இரண்டு வருடத்துக்கு முன் பள்ளி அணித் தெரிவுக்குப் போகப் போகிறேன் என்று வந்து நின்றான். நான் அப்போதுதான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உனக்கு உடம்பு காணாது தம்பி, கணக்குப் பாடத்தைப் பார்" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனான். தெரிவுக்கும் போகவில்லை. அவன் ஆடி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அடுத்த வருடம் எனக்குச் சொல்லாமல் போய் இரண்டாம் அணியில் சேர்ந்தான். கையெழுத்து வைத்தது தாய்.

ஜூன் இரவு நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோது அவன் மூலையில் கைபேசியோடு இருந்தான். திரும்பி வரும்போது காரில் கேட்டேன், ஹார்ப்பர் தேறுவானா என்று.

"ஐ டோன்ற் நோ, அப்பா. அவன் இன்னும் விளையாடேல்லையே."

ஓகஸ்ட் கடைசியில் லின் ஓய்வை அறிவித்தார். ஒக்ரோபர் 22ஆம் திகதி டலஸில் ஹார்ப்பரின் முதல் ஆட்டம். ஸ்பேர்ஸ் பெரிய இடைவெளியில் வென்றது. ஆட்டம் முடிய முன்னமே என் கைபேசியில் இரண்டு செய்தி. ஒன்று இரத்தக்காரரிடமிருந்து, மற்றது கூரைக்காரரிடமிருந்து. இரண்டிலும் ஒரே வசனம்தான்: "நான் அப்பவே சொன்னனான்."